பிறந்த ஊருக்கு விசா: சிலோனைப் பார்க்கப் போகும் நீலகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். அரசுக் காகிதத்தில் ‘தாயகம் திரும்பியோர்’. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையின் மலைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் என் அம்மா 1973-ல் 11 வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாம், பிறகு டான்டீ என்ற தமிழக அரசின் தேயிலைத் தோட்டம். கல்யாணமாகியிருந்த பெரியம்மா அங்கேயே தங்கிவிட்டார். அவர் புகுந்த வீட்டார் சிலோன் குடியுரிமைக்கு மனு போட்டிருந்தார்கள்.

கோத்தகிரியில் கணினி மையம் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், விசா மனுக்களை நிரப்பிக் கொடுக்கிறேன். அக்காவையோ அண்ணனையோ ஒரு தடவை பார்த்துவிட்டு வரவேண்டும் என்று வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மா அங்கேயே பிறந்தவர். அவருக்கும் விசா வேண்டுமா?

வேண்டும். இந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவரின் முகம் மாறிவிடும். என் அம்மாவுக்கும் மாறியது. ஆனால் சட்டம் இதுதான். 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதனால் நம் பெற்றோர் இலங்கைக் குடிமக்களாக இருந்து அதைக் கைவிட்டவர்கள் அல்லர்; அவர்களுக்கு அது கொடுக்கப்படவே இல்லை. ஒப்பந்தப்படி இந்தியக் குடிமக்களாகப் பதிவாகி வந்தார்கள். 2003-ல் இலங்கை ஒரு சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்தது. அது 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையிலேயே நிலையாக இருந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்தான். கப்பலேறி வந்தவர்களுக்கு அது பொருந்தாது. இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே அம்மா இலங்கைக்குப் போவது ஒரு வெளிநாட்டுப் பயணியாகத்தான். மனுவில் இதைத் தயங்காமல் நிரப்புங்கள். ‘நான் அந்த ஊர்க்காரி’ என்பதை அங்கே போய், லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்று சொல்லிக்கொள்ளலாம்.

எந்த விசா? உறவினரைப் பார்ப்பதற்குத் தனி விசா இருக்கிறதா?

தனி விசா தேவையில்லை. இலங்கை 2012 ஜனவரியில் தொடங்கிய இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி இருக்கிறது. அதில் சுற்றுலா வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஊர் சுற்றிப் பார்ப்பது, உறவினர், நண்பரைப் பார்ப்பது, வைத்தியம் பார்ப்பது எல்லாம் அந்த வகைக்குள் அடங்கும். தூதரகத்துக்குப் போக வேண்டாம், பாஸ்போர்ட்டை அனுப்பவும் வேண்டாம். இணையத்தில் மனுப் போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் மின்னஞ்சலில் பதில் வந்துவிடும். அதை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைபேசியில் இருக்கிறதே என்று விடாதீர்கள். பெரியவர்கள் தனியாகப் போகும்போது சார்ஜ் தீர்ந்த கைபேசி உதவாது.

மனுவை இலங்கை அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் போடுங்கள். முகவரி ‘இ.டி.ஏ. டாட் கவ் டாட் எல்கே’ என்று முடியும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள். அதே மனுவை நிரப்பிக் கொடுத்துப் பல மடங்கு பணம் வாங்கிவிடுவார்கள்.

கட்டணம் எவ்வளவு?

இதற்கு மட்டும் நிலையான எண்ணைச் சொல்லமாட்டேன். 2023 அக்டோபரில் இந்தியா உட்பட 7 நாட்டவருக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். 2024-ல் விசா வேலையைத் தனியாரிடம் கொடுத்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பழைய இ.டி.ஏ. முறை திரும்பியது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், மனுப் போடும் நாளில் அரசுத் தளம் காட்டும் தொகைதான் சரி. போன வருடம் போன பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் தொகையை நம்பிப் போகாதீர்கள். ஒன்று மட்டும் மாறாது: கட்டணம் இல்லை என்றாலும் மனுப் போட்டு அனுமதி வாங்கத்தான் வேண்டும். இலவசம் என்பதை விசாவே வேண்டாம் என்று புரிந்துகொண்டு விமான நிலையம்வரை போய்த் திண்டாடியவர்கள் உண்டு.

மனுவை நிரப்பும்போது எங்கே தவறு நடக்கிறது?

மூன்று இடங்களில்.

முதலாவது பெயர். நம்மில் வயதானவர்களின் பெயரை ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். கண்டியில் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் இன்னொன்று, ஆதாரில் மூன்றாவது. இ.டி.ஏ. மனுவுக்கு இவற்றில் எதுவும் கணக்கில்லை. இப்போது கையில் இருக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து, அதே வரிசை, அதே இடைவெளி. விமான டிக்கெட்டிலும் அப்படியே. ‘தப்பாத்தானே எழுதியிருக்கான், நாம திருத்திப் போடுவோம்’ என்று யாரும் நல்லெண்ணத்தில் திருத்தக் கூடாது. பாஸ்போர்ட்டில் தவறு இருந்தால் முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள், பிறகு விசாவுக்கு வாருங்கள்.

இரண்டாவது பிறந்த நாடு. பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் பதுளை, அட்டன், தலவாக்கலை என்று இருக்கும். மனுவில் பிறந்த நாடு ஸ்ரீலங்கா, குடியுரிமை இந்தியா என்றுதான் போட வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் சந்தேகப்படுவார்களோ என்று பயந்து பிறந்த நாட்டையும் இந்தியா என்று போட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் பாஸ்போர்ட்டுக்கும் மனுவுக்கும் ஒவ்வாமல் போகிறது.

மூன்றாவது அங்கே தங்கும் முகவரி. அம்மாவுக்குத் தோட்டத்தின் தமிழ்ப் பெயர் மட்டும்தான் நினைவிருக்கும். மலையகத்தில் பல தோட்டங்களுக்கு ஆள்கள் புழங்கும் பெயர் ஒன்று, கம்பெனிக் காகிதத்தில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒன்று. உறவினருக்குப் போன் போட்டு, தபாலில் எழுதுகிற முகவரியைக் கேளுங்கள். தோட்டத்தின் பதிவுப் பெயர், எந்த டிவிஷன், எந்தத் தபால் ஊர், கூடவே ஒரு கைபேசி எண். பெரியம்மா வீட்டு முகவரியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. பழைய கடித உறை ஒன்று ட்ரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்திருக்காவிட்டால் இன்னும் ஆகியிருக்கும்.

பாஸ்போர்ட்டே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

நீலகிரி கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் மனுப் போட்டு, நாள் குறித்துக்கொண்டு, அசல் காகிதங்களோடு போக வேண்டும். பெரியவர்களுக்கான சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். அவசரம் என்றால் தட்கலுக்கு இன்னும் 2,000.

சிலோனில் பிறந்தவர்கள் கவனிக்க வேண்டியது, ‘இந்தியக் குடியுரிமை எப்படி வந்தது’ என்ற கேள்வி. பழக்கத்தில் ‘பிறப்பால்’ என்று குறித்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு அது பதிவால் வந்த குடியுரிமை. அதற்கான அத்தாட்சி பழைய இந்திய பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுக் காகிதம், முகாம் கொடுத்த குடும்ப அட்டை. சிறு பிள்ளையாக வந்தவர்களின் பெயர் அம்மா, அப்பாவின் பாஸ்போர்ட்டிலேயே சேர்ந்திருக்கும். அந்தப் பக்கம்தான் உங்கள் ஆதாரம். அந்தக் காகிதங்களை எலி கடிக்கவிடாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். ஒரு கண்ணாடி உறையில் போட்டு வையுங்கள்.

முன்பு பாஸ்போர்ட் வைத்திருந்தீர்களா என்று கேட்டால், 50 வருடத்துக்கு முந்தையதாக இருந்தாலும் ஆமாம் என்றே சொல்லுங்கள். மறைப்பது குற்றம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட பிறந்த தேதி, பிறந்த ஊர் கோத்தகிரி என்று எழுதிவிட்ட சான்றிதழ் போன்றவை இருந்தால் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். போலீஸ் விசாரணையில் வீட்டுக்கு வருகிறவரிடம் ஒன்றும் காகிதத்தில் ஒன்றும் சொன்னால் மனு அங்கேயே நின்றுவிடும்.

பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கிறது. போகவிடுவார்களா?

விடுவார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற அந்த முத்திரை வரும். நம் தோட்டத்துப் பெண்களில் பலருக்கு இருக்கிறது. வளைகுடா, மலேசியா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அதற்காகத் தனி அனுமதி வாங்க வேண்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. உறவினரைப் பார்க்கப் போவது வேலையும் இல்லை. 50 வயது தாண்டியவர்கள் அந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டே கேட்டு வாங்கலாம்.

ஏஜென்ட் ஒருவர், கொழும்புக்குச் சுற்றுலா விசாவில் போய் அங்கிருந்து குவைத்துக்கு வேலைக்குப் போகலாம் என்கிறார். சரியா?

போகாதீர்கள். கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் இதையே கேட்டுக்கொண்டு வந்தபோது நான் மனுவை நிரப்ப மறுத்துவிட்டேன். இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர்களை இங்கே குடியேற்ற அதிகாரி தடுப்பார் என்பதால்தான் வேறு நாட்டு வழியாகச் சுற்றி அழைத்துப் போகிறார்கள். அந்த முத்திரை உங்கள் பாதுகாப்புக்காக வந்தது. வேலை ஒப்பந்தம் சரிதானா, முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்று அரசு பார்த்துவிட்டு அனுப்புவதற்காக. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று. சுற்றிப் போனால் அங்கே உங்களைப் பற்றி எந்தப் பதிவும் இருக்காது. சம்பளம் தராவிட்டாலும் அடைத்து வைத்தாலும் கேட்பதற்கு ஆள் இருக்காது. ஏஜென்ட் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள்.

எந்த வழியாகப் போவது?

மலையகத்துக்கு என்றால் கொழும்புக்கு விமானம்தான் வசதி. சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் சென்னைக்கு ரயில்; இல்லாவிட்டால் பஸ்ஸில் திருச்சி. விமானம் இறங்கும் இடம் கட்டுநாயக்க. அங்கிருந்து கொழும்புக் கோட்டை நிலையம் வந்தால் பதுளை ரயில். அட்டன், தலவாக்கலை, நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் அந்தப் பாதையில்தான். பெருமழைக் காலத்தில் மண் சரிந்து ரயில் நிற்கும். நம் மேட்டுப்பாளையம் மலை ரயிலைப் போலத்தான். கிளம்பும் முன் உறவினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் மீண்டும் தொடங்கியது. இடையில் நின்று 2024 ஆகஸ்டில் திரும்ப ஓடியது. ‘கப்பலில் வந்தவள், கப்பலிலேயே போகிறேன்’ என்று அம்மா ஆசைப்பட்டார். ஆனால் அது யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து அட்டனுக்கு நாள் முழுக்கப் பயணம். வடகிழக்குப் பருவமழையில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள்?

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட் வேண்டும். தங்கும் முகவரி, செலவுக்குப் பணம். ‘எதற்கு வந்தீர்கள்’ என்றால், ‘அக்காவைப் பார்க்க, இத்தனை நாள், இந்தத் தேதி திரும்புகிறேன்’. இவ்வளவுதான். அம்மா அரை நூற்றாண்டுக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழக்கி அனுப்புங்கள். உறவினரின் பெயர், போன் எண், முகவரியை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள்.

பேரப்பிள்ளையை அம்மாயி மட்டும் கூட்டிப் போவதாக இருந்தால் பிறப்புச் சான்றிதழும் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும்.

எத்தனை நாள் இருக்கலாம்?

30 நாள். அதற்கு மேல் வேண்டுமானால் நாள் முடிவதற்கு முன்பே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில். நாள் தாண்டித் தங்கினால் அபராதம். அடுத்த முறை விசா கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும். பெரியம்மா அழுதார் என்று ஒரு வாரம் கூடுதலாக இருந்துவிடக் கூடாது.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்படிக்க எங்கள் குழுவைக் கூப்பிடுகிறார்கள். சுற்றுலா விசா போதுமா?

போதாது. பார்வையாளராகப் போய் நிற்பது வேறு, குழுவாகப் போய் நிகழ்ச்சி நடத்துவது வேறு. கலை, இசை, சமய நிகழ்ச்சியில் பங்கெடுக்க இ.டி.ஏ.விலேயே வணிக வகை இருக்கிறது. அழைக்கிற கோயில் கமிட்டியிடம் கடிதம் வாங்கி அந்த வகையில் மனுப் போடுங்கள். சேலை, கவரிங் நகை கொண்டுபோய் விற்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சுற்றுலா விசாவில் வியாபாரமும் கூடாது.

பணம் எப்படிக் கொண்டு போவது?

இந்திய ரூபாய் நோட்டாக ஒருவர் 25,000 வரை கொண்டு போகலாம். வெளிநாட்டு நோட்டாக 3,000 டாலர் வரை. அனுமதி பெற்ற மாற்றுக் கடையில் வாங்கி ரசீதை வைத்திருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. இலங்கையிலும் வேலை செய்கிறது. ஆனால் தோட்டத்துக் கடையில் நோட்டுதான்.

என்ன கொண்டு போகலாம், என்ன கொண்டு வரலாம்?

ஊட்டி வர்க்கி கொண்டு போங்கள், உடையாமல் டப்பாவில். நீலகிரித் தைலம் பெரிய பாட்டிலாக இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள். 100 மில்லிக்கு உட்பட்ட சிறிய பாட்டில்தான். மருந்து மாத்திரைக்கு டாக்டர் சீட்டு. கழுத்தில் காதில் நிறைய நகை போட்டுப் போகிறவர்கள், புறப்படும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது ‘அங்கே வாங்கியதா’ என்ற கேள்வி வராது.

செடி, விதை, நாற்று எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் தேயிலைதான் பிழைப்பு. ஒரு பக்கத்துப் பூச்சியோ பூஞ்சையோ இன்னொரு பக்கம் போனால் என்ன ஆகும் என்று தோட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே காரணத்தால் மண்ணும் கூடாது. இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. பிறந்த லயத்து வாசலில் ஒரு பிடி மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வரவேண்டும் என்று என்னிடம் சொல்லாத பெரியவர்கள் குறைவு. அனுமதியில்லாமல் வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவர இந்தியத் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகள் விடுவதில்லை. பிடித்தால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள். அந்த மண் குப்பைக்குப் போவதைவிட அங்கேயே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் காலையில் ஆள்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். பாக்கெட்டில் அடைத்த தேயிலைத் தூள் கொண்டுவரத் தடையில்லை. பெரியம்மா கொழுந்து பறிக்கிற அதே தோட்டத்துத் தூள் இரண்டு கிலோ எங்கள் வீட்டுக்கு வந்தது.

அங்கே அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் எடுக்க முடியுமா?

பிறந்த தோட்டம் எந்தப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறதோ, அங்கே மனுக் கொடுத்துப் பிரதி வாங்கலாம். பிறந்த வருடம், தோட்டத்தின் பதிவுப் பெயர், பெற்றோர் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பிரதியாக எடுத்து வாருங்கள்; இங்கே ஓய்வூதியம் முதல் பாஸ்போர்ட் வரை எல்லாவற்றுக்கும் உதவும்.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால்?

பக்கத்துப் போலீசில் எழுதிக் கொடுத்து அதன் பிரதியோடு கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்துக்குப் போங்கள். மலையகத்திலிருந்து அதுதான் பக்கம். கொழும்பில் தூதரகம் இருக்கிறது. திரும்பி வர அவசரச் சான்று கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றைத் தனிப் பையில் வைத்திருந்தால் வேலை சுலபம்.

என் மருமகன் 1990-ல் அகதியாக வந்தவர், முகாம் பதிவு உள்ளவர். அவரும் கூட வரலாமா?

அவருடைய வழி வேறு. அவர் கையில் இந்திய பாஸ்போர்ட் இருக்காது. இலங்கைக் குடிமகனாகச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில்தான் பயண ஆவணம் கேட்க வேண்டும். இங்கிருந்து வெளியேற இந்திய அரசின் அனுமதியும் வேண்டும். போனால் திரும்பி வருவது தானாக நடக்காது. முகாம் அலுவலகத்தில் முழுவதும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் டிக்கெட் போடவே கூடாது.

பெரியம்மாவை இங்கே அழைத்து வர நினைக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

இப்போது அவர்தான் வெளிநாட்டுப் பயணி. இலங்கைக்காரர்களுக்கு இந்தியா இ-விசா தருகிறது. சுற்றுலா வகையிலேயே உறவினரைப் பார்க்க வரலாம். வருகிற நாளுக்குக் குறைந்தது 4 நாள் முன்பாக இந்திய அரசின் விசா தளத்தில் போட வேண்டும். சென்னை, திருச்சி, கோவை விமான நிலையங்களில் இ-விசாவோடு இறங்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ‘சி’ படிவம் என்று சொல்லிப் பழகியது இதுதான். லாட்ஜுக்கு மட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். சொந்த அக்கா, சொந்த வீடு என்றாலும் செய்யத்தான் வேண்டும்.

திருச்சியிலிருந்து வாடகைக் காரில் அழைத்து வந்தால் வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடப்பில் இருக்கிறது. நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிக்குத் தேவையில்லை. வண்டியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள்; எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் கொண்டு போங்கள். நுவரெலியாக்காரர்களுக்குக் குளிர் பழக்கம்தான், ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வளைவுகளில் வயதானவர்களுக்குக் குமட்டும். குஞ்சப்பணையில் ஒரு தடவை நிறுத்தி இறக்கிவிடுங்கள்.